வியாழக்கிழமை கொடுக்காத பென் டிரைவ்

பாளையங்கோட்டையில் எப்சியைத் தெரிந்தவர்கள் அவளைப் 'பொம்மைப்பட எப்சி' என்பார்கள். நேரில் சொல்ல மாட்டார்கள். வயது நாற்பத்தேழு. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சர்க்கரை கொஞ்சம் உண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கிற தொடர்களையும் படங்களையும் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்த ஆள் திருநெல்வேலியில் இருந்தால், அவர் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பழக்கம் அப்பா படுத்ததில் வந்தது. தேவதாசன் வாத்தியார் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் சரிந்தார். நாலு வருஷம் கிடந்தார். பக்கவாதக்காரரைப் பார்த்துக்கொள்வதைத் தியாகம் என்று பேசுகிறவர்கள் ஒரு நாள்கூட அதைச் செய்திருக்க மாட்டார்கள். அது வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பெலும்பு மேல் தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழி விழும். மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலைமாட்டை உயர்த்தி வைத்து, அவசரப்படாமல், இருபது இருபத்தைந்து நிமிஷம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காது அவர் இருமலில் இருக்கும். கண்ணுக்கு வேலை இல்லாவிட்டால் மனசு போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டு வரும்.

கூடங்குளத்தில் ஒப்பந்த வேலையில் இருந்த சித்தி மகன் ஜெனோ, பெரியப்பாவைப் பார்க்க வந்தவன், பொழுதுபோகட்டும் என்று ஒரு ஹார்டு டிஸ்க்கை வைத்துவிட்டுப் போனான். திறந்தால் முழுக்க ஜப்பான் பொம்மைப் படம். அடியில் இங்கிலீஷ் எழுத்து. எப்சி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் முதல் தொடரைப் போட்டாள். ஒரு பாகம் இருபத்துநாலு நிமிஷம். கஞ்சி இறங்கவும் பாகம் முடியவும் சரியாக இருந்தது. அடுத்த வேளைக் கஞ்சிக்கு அடுத்த பாகம். முழுப்படம் என்றால் இரண்டு மணி நேரம். படம் முடிந்தால் அப்பாவைப் புரட்ட வேண்டும், கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. இப்படியே நாலு வருஷத்தில் அவள் ஜெனோ கொடுத்ததை எல்லாம் முடித்து, அவனே கேள்விப்படாததை எல்லாம் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டாள்.

அப்பாவை அடக்கம் செய்து ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். எல்லோரும் படுக்கையில் கிடக்கிற ஆளைப் பார்த்துக்கொள்ளுகிறவர்கள். பெருமாள்புரத்திலிருந்து சொர்ணாம்பாள்; அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தாசில்தார், கைநடுக்கம் முற்றிக் கட்டிலோடு இருந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தேன்மொழி. திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி வருகிற அக்கா தங்கச்சி இரண்டு பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சர்ச் சேகரக் கூடத்தில் படம் போடலாம் என்று குருவானவரிடம் கேட்டு வாங்கியதும், புரொஜெக்டரைச் சுமந்து வந்து மாட்டியதும் எப்சிதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒவ்வொருத்தியும் தன் ஆளைப் பார்த்துக்கொள்ள வேறு ஒருவரை வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

புதிதாக வருகிறவர்களைக் கையாளுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். முதல் கேள்வி: உங்க ஆளை எவ்வளவு நேரம் தனியா விடலாம்? அதைப் பொறுத்துத்தான் தொடரா, படமா என்று சொல்லுவாள். எடுத்தவுடன் வாள்சண்டையையும் ராட்சத இயந்திரத்தையும் கொடுக்கக் கூடாது. எண்ணூறு பாகம் ஓடுகிற தொடரின் பெயரையே காதில் போடக் கூடாது. பன்னிரண்டு பதின்மூன்று பாகத்தில் முடிகிறதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் சாப்பாடு வருகிற படம். சோற்றில் ஆவி எழும்புவதையும் முட்டை ஓரத்தில் முறுகுவதையும் அந்த ஊர்க்காரர்கள் வரைகிறதைப் பார்த்து வாய் ஊறிவிட்டால், இது சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்கிற பேச்சு அத்தோடு நின்றுபோகும். அடுத்தது மழை பெய்கிற படம். அழவைக்கிறது மூன்றாவதாகத்தான். பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் தன் நோட்டில் தானே பெயர் வைத்துக்கொண்டாள்: 'குடை தைக்கிறவள்', 'தீவுத் தபால்காரி', 'மலை ரயில் பிள்ளைகள்'.

முதல் சனிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. திரையில் தொடக்கப் பாட்டு ஆரம்பித்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தக் கூடத்தில் பாட்டு என்றால் எழும்பி நின்றே பழக்கம். சொர்ணாம்பாள் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண், சர்ச் பழக்கம் கிடையாது. அவளும் மற்றவர்களைப் பார்த்து எழுந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை நிமிஷப் பாட்டு முடிந்து, யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் ஆமென் என்ற பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

பாட்டு சரி. பேச்சு? பாதிப் பேருக்கு இங்கிலீஷ் ஓடாது. மீதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள். எப்சி மைக்கைப் பிடித்துச் சொல்லிப் பார்த்தாள். "இப்ப அவ வீட்டுக்குப் போறா. இப்ப அவங்க அம்மா கோவப்படுறாங்க." வருகைப்பதிவு வாசிக்கிற குரல். இரண்டாம் மாதம் கூட்டம் பாதியானது.

அப்போதுதான் எப்சி தன் கையாலேயே அந்தக் காரியத்தைச் செய்தாள். அண்ணன் கிங்ஸ்லியின் மனைவி, மைனி சாலோமியை அழைத்து வந்தாள்.

சாலோமிக்கு வயது ஐம்பத்துநாலு. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர். இருபது வருஷமாகக் கன்வென்ஷன் கூட்டங்களில் வெளியூர்ப் பிரசங்கிமார் பக்கத்தில் நின்று தமிழாக்கிச் சொல்லுகிறவள். பிரசங்கியார் மூச்சு விடுகிற இடத்தில் இவள் மூச்சு வாங்கமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு விதி: மொழிபெயர்க்கிறவள் பிரசங்கியாரைப் பார்க்கக் கூடாது, சனத்தைப் பார்க்க வேண்டும். படத்துக்கும் அதே விதியைக் கொண்டுவந்தாள். வியாழக்கிழமை எப்சி படத்தின் இங்கிலீஷ் வசனத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். கிங்ஸ்லி அதைத் தாளில் அச்செடுத்து வருவான். வெள்ளிக்கிழமை முழுக்கச் சாலோமி வரிக்கு வரி தமிழ் எழுதுவாள். சனிக்கிழமை தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் ஓரமாக, சனத்தைப் பார்த்து நிற்பாள். முதுகுக்குப் பின்னால் குரல் எழும்புகிறதைக் காதால் பிடித்து, அதன் மேலேயே தமிழை விடுவாள்.

கிழவன் பேசினால் கிழவன். குழந்தை சிணுங்கினால் குழந்தை. காட்டுத் தெய்வம் ஒன்று படத்தில் வந்தபோது மட்டும் சங்கடப்பட்டு, "காட்டு அதிகாரி சொல்லுகிறார்" என்றாள்.

"சாமின்னா சாமின்னே சொல்லுங்கம்மா" என்றாள் சொர்ணாம்பாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

கூடம் சிரித்தது. அடுத்த மாதம் நாற்காலி போதவில்லை.

எப்சி முதலில் சந்தோஷப்படத்தான் செய்தாள். பிறகு சின்னச் சின்னதாகக் குத்த ஆரம்பித்தது. "இந்த மாசம் சாலோமியக்கா என்ன படம் சொல்லுதாவ?" என்று அவளிடமே போனில் கேட்டார்கள். திசையன்விளைக்காரிகள் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைச் சாலோமி கையில் கொடுத்தார்கள். எப்சிக்கு வந்தது அடியில் கிடந்த தூள். புதிதாக வந்த ஒருத்திக்குத் தேன்மொழி எப்சியைக் காட்டி, "இவங்க சாலோமியக்காவுக்கு நாத்தனா. மிஷின் பாத்துக்கிடுதாங்க" என்றாள். தேன்மொழியை இந்தப் படங்களுக்குக் கொண்டுவந்ததே எப்சி. 'குடை தைக்கிறவள்' தொடரை அவளுக்காக மூன்று நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்தவள். எப்சி ஒயரைச் சுற்றினாள்.

இன்னொன்றும் இருந்தது. அது பொறாமைக்கு நியாயம் மாதிரி அவளுக்கு உதவியது. அந்த நாட்டுப் படங்களில் ஒன்றுமே நடக்காத இடங்கள் வரும். வாய்க்கால் ஓடும். ஒரு பெண் ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருப்பாள். பூச்சி கத்தும். எப்சிக்குப் படமே அந்த இடங்கள்தான். சாலோமியின் தாளில் அங்கே வரி இருக்காது. மைக் சும்மா இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. "இவ்விதமாக, பிரியமானவர்களே, அந்த மகள் தன் ஜீவியத்தைக் குறித்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்" என்று எதையாவது இட்டு நிரப்புவாள். எப்சி புரொஜெக்டர் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பதினோராவது மாதம் சேகரத்து ஆண்டுவிழா வந்தது. ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டுக்கு முன்னால் குருவானவர் நன்றி சொன்னார். ஜப்பான் தேசத்துச் சித்திரப் படங்களை நம் மக்களுக்கு அறிமுகப்படுத்திய சகோதரி சாலோமி கிங்ஸ்லி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாலோமி எழுந்து கும்பிட்டாள். எப்சியின் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரியும் இருந்தது. அதற்குள் அடுத்த பெயரை வாசித்துவிட்டார்கள். எப்சி அன்றைக்கு அசனச் சோற்றைச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, மிஞ்சிய இட்லியைத் தின்றுவிட்டு நோட்டை எடுத்தாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. யாருக்கும் சொன்னதும் இல்லை. பனி விழுகிற ஊரில் ஒரு மகள் படுக்கையில் கிடக்கிற தகப்பனைப் பார்த்துக்கொள்ளுகிற கதை. தொடக்கத்தில் கொஞ்சம் பேச்சு. நடுவில் இருபத்தாறு நிமிஷம் ஒரு சொல்கூடக் கிடையாது. அப்பாவை அடக்கம் செய்த முப்பதாம் நாள் அதைத் தனியாகப் பார்த்தாள். பிறகு முதல் வருஷ நினைவு நாளில் ஒரு தரம், தனியாகவே. தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அதையே எடுத்தாள். பேச்சில்லாத இருபத்தாறு நிமிஷத்தில் மைனி என்ன செய்கிறாள் என்று சனம் பார்க்கட்டும். தாளும் இல்லாமல்.

வியாழக்கிழமை சாலோமி போன் செய்தாள். நெட் சரியில்லை மைனி, இன்னும் இறங்கவில்லை என்றாள் எப்சி. பென் டிரைவ் அவள் கைப்பையில், சர்க்கரை மாத்திரைப் பட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மூன்று தரம் போன் அடித்தது, எடுக்கவில்லை. சனிக்கிழமை கூடத்தில் மைக்கைக் கொடுக்கும்போது, இன்றைக்குப் பேச்சு கம்மி, திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றாள். சாலோமி ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். மைக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

வேறு வழி இல்லாததால் இருபது வருஷத்தில் முதல்முறையாகச் சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். முதல் பத்து நிமிஷம் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். இரண்டு இடத்தில் வரி ஓடிப்போயிற்று. பின்வரிசையில் யாரோ, "மைக்கு மக்கரா?" என்று கேட்டார்கள். எப்சிக்கு உள்ளே ஏதோ இனித்தது. மிட்டாய்த்தூளைவிட இனிப்பு.

பிறகு பேச்சு நின்றது. திரையில் அந்த மகள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். துணியை நனைத்துப் பிழிந்தாள். தகப்பன் முகத்தைத் துடைத்தாள், கழுத்தை, அக்குளை. சாலோமி மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். பிரியமானவர்களே வரும் என்று எப்சி காத்திருந்தாள். வரவில்லை. மைக் பைய இறங்கியது.

படத்தில் அந்தப் பெண் தகப்பனைப் புரட்டக் குனிந்தபோது தேன்மொழி சத்தமாகச் சொன்னாள்: "முட்டியை மடக்கு முதல்ல. மடக்காமப் புரட்டுனா ஒன் இடுப்பு போயிரும்."

திரையில் அவள் தகப்பன் முட்டியை மடக்கினாள்.

"ஆங், அப்படி" என்றாள் தேன்மொழி.

"வெந்நி சூடு பாத்தாளா?" என்றாள் திசையன்விளை அக்கா.

"முழங்கைய விட்டுப் பாத்தாளே. நீ எங்கன பாத்துக்கிட்டிருந்த?" என்றாள் தங்கச்சி.

அவ்வளவுதான், கட்டு அவிழ்ந்துவிட்டது. விரிப்பை நீளவாக்கில் சுருட்டு என்றாள் ஒருத்தி. முதுகைக் காயவிட்டு அப்புறம் சட்டையைப் போடு என்றாள் இன்னொருத்தி. தகப்பனின் கை மகளின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. அவள் இழுக்கவில்லை, அது தானாகத் தளருகிறவரை குனிந்தபடியே நின்றாள். அப்போது எல்லோரும் நிறுத்தினார்கள். சொர்ணாம்பாள் மட்டும் தனக்குத்தானே சொல்லுவதுபோல், "எங்க வீட்டுல அவியளும் இப்படித்தான் பிடிப்பாவ" என்றாள்.

எப்சி புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாலோமி மேல் இருந்த எரிச்சல் அந்த நேரத்தில் வேறு ஒருத்தி மேல் போனது. திரையில் வரைந்து வைத்த அந்தப் பெண்மேல். அவளுக்குச் சொல்ல முப்பது பேர் இருந்தார்கள். அப்பா கிடந்த நாலு வருஷமும் முட்டியை மடக்கு என்று எப்சிக்குச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. மடக்காமல் புரட்டித்தான் அவள் இடுப்பு இன்றைக்கும் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளுகிறது.

ஸ்பீக்கரில் ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது. சாலோமி முன்வரிசை பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது கூடம் முழுக்கக் கேட்டது.

படம் முடிந்ததும் எல்லோரும் சாலோமியிடம்தான் போனார்கள். இன்றைக்கு நீங்கள் பேசாமல் விட்டதுதான் அக்கா ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். எப்சி ஒயரைச் சுற்றினாள். பேசினாலும் அவளுக்குத்தான் பேர், பேசாவிட்டாலும் அவளுக்குத்தான் பேர்.

கூடத்தைப் பூட்டிவிட்டு நாத்தனாரும் மைனியும் ஆட்டோவுக்காக ரோட்டோரம் நின்றார்கள். புரொஜெக்டர் பெட்டி நடுவில் இருந்தது.

"பென் டிரைவு எங்க?" என்றாள் சாலோமி.

எப்சி கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள். "வியாழக்கெழமையே இருந்துச்சு மைனி. வேணும்னுதான் தரலை."

"தெரியும். நெட்டு வரலைன்னு சொன்ன அன்னைக்கு நீ வாட்ஸப்புல ரெண்டு பாட்டு போட்டிருந்த."

எப்சி பென் டிரைவைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"குருவானவர்கிட்ட நான் விழாவுக்கு மறுநாளே போய்ச் சொன்னேன், கொண்டுவந்தது எப்சின்னு. அடுத்த வருசம் திருத்திச் சொல்லுதேன்னாரு" என்றாள் சாலோமி. "ஆனா நீ இன்னொண்ணு கேளு. பத்து மாசமா நான் அங்கன நிக்கேன். ஒரு படம் பாத்தது கெடையாது. பேப்பரைப் பாக்குதேன், சனத்தைப் பாக்குதேன். நீ பொட்டி பக்கத்துல உக்காந்து தனியாச் சிரிப்ப. எதுக்குச் சிரிக்கான்னு திரும்பிப் பாக்க முடியாது. எனக்கு எம்புட்டு எரியும் தெரியுமா ஒனக்கு?"

எப்சிக்கு நம்ப முடியவில்லை. மிட்டாயும் கைதட்டும் வாங்குகிறவளுக்கு எரியுமா?

"மாமா கெடந்தப்ப ஞாயித்துக்கெழமை ஆப்பம் கொண்டாந்து வச்சிட்டுப் போவேன்" என்றாள் சாலோமி. "நீ செஞ்ச வேலை இதுதான்னு இன்னைக்குத்தான் பாத்தேன்." அதற்கு மேல் அவள் அதைப் பேசவில்லை, பேசியிருந்தால் எப்சி ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தே போயிருப்பாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் பேப்பர் நீ எழுது. நான் ஒன் நாற்காலியில உக்காருவேன்" என்றாள்.

"நான் சொன்னா சனம் ஓடிரும் மைனி."

"ஓடட்டும். ஒனக்குப் பேர் வேணும்லா? வாங்கிக்க."

அடுத்த மாதம் எப்சி தாளோடு நின்றாள். படம் 'தீவுத் தபால்காரி'. ஆறு தரம் பார்த்தது, மனப்பாடம். ஆனால் சனத்தைப் பார்த்து நின்றதும் வரிகள் ஒன்றோடொன்று முட்டின. "பைய சொல்லும்மா, ரயிலா பிடிக்கப் போற?" என்றாள் சொர்ணாம்பாள். நடுவில் முப்பது பேரும் சேர்ந்து சிரித்தார்கள். தபால்காரி சைக்கிளோடு கருவாட்டுக் கொடியில் போய் விழுகிற இடம் என்று திரும்பாமலே எப்சிக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத்தான் கழுத்து துடித்தது. எதிரே புரொஜெக்டர் பக்கத்தில், அவளுடைய நாற்காலியில், சாலோமி கருப்பட்டி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு எப்சியைத் தாண்டித் திரையைப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததில் எப்சிக்கு எட்டாம் பக்கம் தவறிப்போயிற்று. தேடுவதற்குள் மூன்று வசனம் ஓடிவிட்டது. சனம் கவனிக்கவில்லை. சாலோமி மட்டும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கையை வீசினாள்: விடு, அடுத்ததுக்குப் போ.

இப்போது மாற்றி மாற்றி நடக்கிறது. ஒரு மாதம் இவள் தாள், அவள் நாற்காலி. அடுத்த மாதம் அவள் தாள், இவள் நாற்காலி. புதிதாக வருகிறவர்களிடம் முதல் கேள்வியை எப்சிதான் கேட்கிறாள், அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. படங்களைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான். தன் நாற்காலி மாதத்துக்கு மழையும் மௌனமுமாக உள்ள நல்ல படங்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, தான் தாளோடு நிற்கிற மாதத்துக்கு அரைகுறைப் படத்தைப் போடுகிறாள். சாலோமிக்கு அது தெரியாமல் இல்லை. போன வாரம் எப்சியின் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை.